ஆசிரியராக இருந்து அதிபரானவர்

நாட்டின் தலைமைப் பதவியை அடைந்தோர் பலர். அப்பதவியில் அமர்ந்த பின்னும், தாம் முன்னொரு காலத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த ஏழைப் பிள்ளைகளின் முகங்களை மறவாதவர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 36ஆம் அதிபராக விளங்கிய லிண்டன் பெயின்ஸ் ஜான்சன்.

பிறப்பும் இளமையும்

ஜான்சன் 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள், டெக்சஸ் மாநிலத்தில் ஸ்டோன்வால் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். தந்தையார் சாம் ஜான்சன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். தாயார் ரெபெக்கா கல்லூரியில் பயின்றவர். ஐந்து மக்களுள் மூத்தவர் இவரே.

தந்தையார் வேளாண்மையில் பெரும் பொருளை இழந்ததால் குடும்பம் கடனில் மூழ்கியது. 1924இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த ஜான்சன், சாலை போடும் வேலையில் கூலியாளாகவும் உழைத்தார். அவ்வுழைப்பின் கடுமை கல்வியின் அருமையை அவருக்கு உணர்த்திற்று. 1927இல் சான் மார்க்கோஸ் நகரிலிருந்த ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார்.

கொட்டுலா பள்ளியில்

கல்லூரிச் செலவுக்குப் பணம் போதவில்லை. ஆகவே, 1928இல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, கொட்டுலா என்னும் ஊரிலிருந்த வெல்ஹாசன் பள்ளியில் பணியேற்றார். அப்பொழுது அவருக்கு வயது 20. அங்குப் பயின்றவர்கள் மெக்சிக்கோ வழிவந்த ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். வெள்ளையர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி இருந்தது. காலை உணவின்றியே வகுப்புக்கு வந்த குழந்தைகள் பலர். மற்றவர்கள் தங்களை ஏன் வெறுக்கிறார்கள் என்று அறியாமல் அப்பிஞ்சு உள்ளங்கள் வாடியதை ஜான்சன் கண்டார்.

கண்டவர் வாளா இருந்தாரில்லை. முதல் சம்பளத்தைக் கொண்டு விளையாட்டுக் கருவிகளை வாங்கினார். சொற்போர்களையும் போட்டிகளையும் நடத்தினார். பள்ளியைத் துப்புரவு செய்த தொழிலாளிக்கும் ஓய்வு நேரத்தில் ஆங்கிலம் கற்பித்தார். கண்டிப்பு மிக்கவர், ஆயினும் தம் மாணவர் முன்னேற வேண்டும் என்னும் தணியாத ஆர்வம் உடையவர்.

1930இல் பட்டம் பெற்றபின், ஹூஸ்டன் நகரின் சாம் ஹூஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் மேடைப் பேச்சும் சொற்போரும் பயிற்றுவித்தார். அவர் பழக்கிய மாணவர் குழு மாநில இறுதிப் போட்டிவரை சென்று, ஒரே வாக்கில் வெற்றியை இழந்தது.

அரசியலில்

1931இல் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் செயலாளராக வாஷிங்டன் சென்றார். 1937இல் தாமே கீழவை உறுப்பினரானார். 1948இல் செனட் எனப்படும் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி உணவகம், தனித் தண்ணீர்க் குழாய் என்று எங்கும் பிரிவினை நிலவியது. அதனை ஒழிக்க வந்த மசோதாக்களை ஜான்சன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எதிர்த்தே வாக்களித்தார். தம் மாநில வாக்காளரைப் பகைத்துக்கொள்ள அவர் துணியவில்லை. கொட்டுலாவின் கண்ணீரைக் கண்டறிந்தவர் இவ்வாறு நடந்துகொண்டது அவர் வாழ்வின் பெருங்குறை. 1957இல்தான் அவர் திசை மாறினார். செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்து, 82 ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் குடிமை உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார்.

அதிபர் ஜான்சன்

1963 நவம்பர் 22ஆம் நாள் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துணை அதிபராக இருந்த ஜான்சன் அன்றே அதிபரானார். அதற்குமுன் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் முதலியோர் அறவழியில் போராடி வந்தனர். அவ்வாண்டு மே மாதம் பர்மிங்ஹாம் நகரில் பள்ளி மாணவர்களும் ஊர்வலம் சென்று சிறை புகுந்தனர். மக்கள் கேட்ட நீதியைச் சட்டமாக்கும் பொறுப்பு இப்பொழுது ஜான்சன் கையில் வந்து சேர்ந்தது.

செனட்டில் எதிர்ப்பாளர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் ஓயாது பேசி மசோதாவைத் தடுத்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரையும் அறிந்திருந்த ஜான்சன், விடாது பேசி இணங்கவைத்தார். 71 உறுப்பினர் ஆதரவுடன் தடை நீங்கியது. 1964 ஜூலை 2ஆம் நாள் குடிமை உரிமைச் சட்டத்தில் அவர் கையொப்பமிட்டார். பொது இடங்களில் இனப் பிரிவினை சட்டவிரோதமாயிற்று.

1965 மார்ச் 7ஆம் நாள், செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு அமைதியாகச் சென்றவர்களைக் காவலர்கள் கொடுமையாகத் தாக்கினர். எட்டு நாள் கழித்து ஜான்சன் காங்கிரஸ் இரு அவைகளின் முன் பேசினார். அப்பேருரையில் கொட்டுலா பிள்ளைகளின் பசியையும் வேதனையையும் நினைவுகூர்ந்தார். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட காட்சி அன்று நாட்டின் மனச்சான்றாக ஒலித்தது. ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் அதற்குமுன் வாக்காளராகப் பதிவு செய்யப்பட்ட கறுப்பினத்தவர் நூற்றுக்கு எழுவருக்கும் குறைவு. 1967இல் அது நூற்றுக்கு அறுபது அளவிற்கு உயர்ந்தது.

ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு உதவும் கல்விச் சட்டத்திலும் 1965 ஏப்ரலில் கையொப்பமிட்டார். அவர் முதன்முதல் எழுத்தறிந்த பழைய பள்ளியின் வாயிலே அதற்கு அவர் தேர்ந்த இடம். அவருடைய முதல் ஆசிரியை அன்று அருகில் அமர்ந்திருந்தார்.

1966 அக்டோபர் இறுதியில் ஜான்சன் நம் மலேசியாவுக்கும் வருகை தந்தார். நெகிரி செம்பிலானில் அவர் கண்ட பெல்டா நிலக்குடியேற்றம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நாடு திரும்பிய சில நாள்களில், நவம்பர் 7ஆம் நாள், கொட்டுலா பள்ளிக்கும் சென்று பிள்ளைகளிடம் உரையாற்றினார்.

இறுதி நாள்கள்

வியட்நாம் போர் அவர் புகழை மங்கச் செய்தது. 1968 மார்ச் 31ஆம் நாள், மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என அறிவித்தார். 1972 டிசம்பரில், ஆஸ்டின் நகரில் தம் பெயரால் அமைந்த நூலகத்தில் குடிமை உரிமை பற்றிய கருத்தரங்கு நடந்தது. இதயநோய் முற்றியிருந்தும் அவர் மேடையேறி, செய்யவேண்டிய பணி இன்னும் மிகுதியாக உள்ளது என்று வலியுறுத்தினார். 1973 ஜனவரி 22ஆம் நாள் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! ஜான்சன் குறையற்றவர் அல்லர். எனினும், இளமையில் கண்ட துயரத்தை மறவாமல், ஆற்றல் வந்தபோது அதனைத் துடைக்க முற்பட்டார். இன்று உங்கள் வகுப்பில் பசியோடு அமர்ந்திருக்கும் தோழனை நீங்கள் பார்க்கின்றீர்களா? பார்த்ததை மறவாதீர்கள். உதவும் காலம் வரும்பொழுது தயங்காதீர்கள்.