காந்தியடிகளும் தளபதி ஸ்மட்ஸும்

ஒருவர் கொண்ட கொள்கையை எதிர்த்தல் வேறு, அவரையே பகைத்தல் வேறு என்று சொல்லுதல் எளிது. சொற்போர் மன்றத்தில் தம்மை எதிர்த்துப் பேசிய நண்பரோடு ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசாதிருந்த மாணவர் ஒருவரை யான் நன்கறிவேன். நாள்தோறும் கண்ணாடியிற் காண்கின்றேன். ஒரு மாலைப்பொழுதின் வாதத்திற்கே இஃதாயின், தம் மக்களைத் தாழ்த்தும் சட்டத்தை நடத்தியவரோடு எட்டாண்டு போராடியும் அவர்பால் வெகுளி கொள்ளாத காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையை என்னென்பது!

ஜான் ஸ்மட்ஸ் காந்தியடிகளுக்குச் சில மாதங்கள் இளையவர், 1870-இல் பிறந்தவர். இருவரும் இங்கிலாந்தில் சட்டம் பயின்றவர்கள். 1899-இல் தொடங்கிய போயர் போரில் ஆங்கிலேயரை எதிர்த்துப் படை நடத்திய ஸ்மட்ஸ், பின்னர் டிரான்ஸ்வால் அரசாங்கத்தில் அமைச்சரானார். தம் நாட்டை இழத்தலின் துயரம் இன்னதென அறிந்த இவரே, வெள்ளையர் நாகரிகமும் ஆசியர் நாகரிகமும் ஒரு நிலத்தில் ஒத்து வாழ இயலாவென்றும், அந்நாடு வெள்ளையர் கையிலேயே இருத்தல் வேண்டுமென்றும் கருதினார். இக்கருத்து மூர்க்கன் ஒருவனுடையதாயின் அதனை இகழ்ந்து ஒதுக்கிவிடலாம். கற்றவர், பண்புடையவர், இன்முகத்தோடு உரையாடுபவர் ஒருவர் இதனை அமைதியாக நம்பினார் என்பதே பெருந்தீங்கு.

எட்டு வயதிற்கு மேற்பட்ட இந்தியர் யாவரும் கைரேகை பதித்துச் சான்றிதழ் பெறல் வேண்டுமென்னும் சட்டமுன்வரைவு 1906-இல் வெளிவந்தது. செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் எம்பையர் நாடகசாலையிற் கூடிய இந்தியர், அதற்குப் பணிவதில்லையென ஆணையிட்டனர். அடுத்த ஆண்டில் அது, பெண்டிரை நீக்கி, சட்டமாயிற்று. 1908 ஜனவரியில் அடிகள் சிறை புகுந்தார். அம்மாத இறுதியில் ஸ்மட்ஸ் அவரைச் சிறையினின்று பிரிட்டோரியாவிற்கு வரவழைத்துப் பேசினார். இந்தியர் தாமாகவே பதிவு செய்துகொள்வாராயின் சட்டம் நீக்கப்பெறும் என்பதே உடன்பாடென அடிகள் கொண்டார்.

பகைவரின் வாய்மொழியை நம்பினாரென்று அவருடைய மக்களே சினந்தனர். பிப்ரவரி 10-ஆம் நாள் பதிவு நிலையத்திற்குச் சென்ற அடிகளை மீர் ஆலம் என்னும் பட்டாணியரும் அவர்தம் தோழரும் அடித்து வீழ்த்தினர். ஜோசப் டோக் என்னும் பாப்டிஸ்டு குருவின் இல்லத்தில் படுக்கையிற் கிடந்தவாறே அடிகள் கைரேகை பதித்தார். அடித்தவரைத் தண்டிக்கலாகாதென்றும் வேண்டினார். ஆயினும் சட்டம் நீக்கப்படவில்லை. ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதித் திடலிலே இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட சான்றிதழ்கள் ஒரு பெரிய கொப்பரையில் தீக்கிரையாயின. மீர் ஆலமும் அங்கு வந்து, தம் பிழையை ஒப்புக்கொண்டார்; அடிகள் அவர் கையைப் பற்றினார்.

இந்நிகழ்ச்சியைப் பல்லாண்டு கழித்துத் தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் எழுதிய அடிகள், ஸ்மட்ஸின் நம்பிக்கைத் துரோகம் என்று ஓர் அதிகாரத்திற்குத் தலைப்பிட்டு, அதனருகே ஒரு வினாக்குறியையும் இட்டார். இந்தியரை நோக்க அது துரோகமே என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும், வேண்டுமென்றே செய்த வஞ்சகம் அன்றாயிருத்தலும் கூடுமென்று அவ்வொரு குறியால் இடம் வைத்தார். இலக்கணம் பயிலும் எமக்கு நிறுத்தக்குறிகள் தேர்வு மதிப்பெண்ணுக்கு உரியவை. இஃதொன்றையே நெஞ்சிற்கு உரியதாகக் கண்டேன்.

1913-இல் போர் மீண்டும் மூண்டது. கிறித்தவ முறைப்படி நிகழாத திருமணங்கள் செல்லாவென வந்த நீதிமன்றத் தீர்ப்பும், ஒப்பந்தக் காலம் முடிந்த கூலியாட்கள்மேல் சுமத்தப்பட்ட 3 பவுன் தலைவரியும் அதற்குக் காரணம். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த தமிழர் முதலானோர் வேலையை விடுத்து எழுந்தனர். நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் அடிகளின் பின் எல்லையைக் கடந்து நடந்தனர். அவர்கள் சிறைப்பட்டனர். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையிற் பெற்ற காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் இறந்தார். இதனைப் படிக்குந்தோறும் எனக்குச் சினம் மூளுகின்றது. அடிகளைப் போல் இருத்தல் எனக்கு ஒல்லுமோ என்னும் ஐயமும் உடன் எழுகின்றது.

வள்ளியம்மை இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அதாவது 1914 ஜனவரியில், வெள்ளை இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து அரசாங்கத்தையே நிலைகுலையச் செய்தனர். இந்தியர் மற்றொரு நடைப்பயணம் தொடங்கவிருந்த வேளை அது. இதுவே தக்க தருணம் என்று பிறர் எண்ணியிருப்பர். அடிகளோ பயணத்தை நிறுத்தினார். வேறொருவரால் இடர்ப்பட்டிருக்கும் எதிரியை நெருக்குதல் தம் அறம் அன்றென்றார். போர்க்களம் கண்ட ஸ்மட்ஸுக்கு இது விளங்காத படைமுறை. அவ்வாண்டிலேயே தலைவரி நீங்கியது; இந்தியர் திருமணங்களும் செல்லுபடியாயின. சிறையில் தம் கையால் தைத்த செருப்பு இணை ஒன்றை ஸ்மட்ஸுக்கு அளித்து, ஜூலை 18-ஆம் நாள் அடிகள் கப்பலேறினார். அவர் திரும்பாதிருக்க வேண்டுமென்று ஸ்மட்ஸ் நண்பரொருவர்க்கு எழுதினார். ஆயினும் அச்செருப்பைப் பல வேனிற்காலங்களில் அணிந்தார். அடிகளின் எழுபதாம் ஆண்டு மலரில், இத்தகைய பெரியவரின் செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதியில்லையென்றும் குறித்தார்.

இங்கே நிறுத்தினால் கதை இனிதாகும். ஆனால் உண்மை முழுதாகாது. அப்போராட்டம் அந்நாட்டின் கறுப்பு மக்களுக்காக நிகழ்ந்ததன்று. அவர்கள் துயரம் அடிகள் கண்ணில் அந்நாளில் போதிய அளவு படவில்லை. ஸ்மட்ஸும் அடிகளை மதித்தாரேயன்றித் தம் கொள்கையை விட்டாரில்லை. 1946-இல் இந்தியர் எங்கு நிலம் வாங்கலாம், எங்கு குடியிருக்கலாம் என்று வரையறுத்த சட்டம், அவர் தலைமையமைச்சராயிருந்தபோதே இயற்றப்பட்டது. அப்போது அடிகளுக்கு வயது எழுபத்தாறு. அச்சட்டத்தையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார்; டர்பனில் சிறை சென்ற இந்தியரை வாழ்த்தினார்.