யானைக் கொட்டடியில் இருந்து பறக்கும் கம்பளம் வரை!

குழந்தைகளே! பறக்கும் கம்பளம், சீசாவுக்குள் அடைபட்ட பூதம், கொடிய மந்திரவாதி... இப்படி ஒரு கதை கிடைத்தால் உங்களுக்குச் சோறு, தண்ணீர்கூட வேண்டாம், இல்லையா? உங்கள் தாத்தா, பாட்டி காலத்திலும் அப்படித்தான். எம்.ஜி.ஆர்., வைஜெயந்திமாலா நடித்து 1960ல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' படத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால், அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1940ல், இதே பெயரில் ஓர் ஆங்கிலப் படம் வந்து உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. அதில் திருடனாக வந்து பூதத்தையே ஏமாற்றியவன் நம் நாட்டுச் சிறுவன். படப்பிடிப்பு தொடங்கியபோது அவனுக்கு வயது 15. பெயர் சாபு.

சாபு 1924ம் ஆண்டு ஜனவரி 27ல், அன்றைய மைசூர் சமஸ்தானத்தில், காராபுரா என்ற ஊரில் பிறந்தான். கபினி ஆற்றின் கரையில், அடர்ந்த காட்டை ஒட்டிய ஊர் அது. அருகிலுள்ள காக்கனகோட்டைக் காடுகளில் மைசூர் மகாராஜாவின் ஆட்கள் காட்டு யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிப்பார்கள். சாபுவின் தந்தை மகாராஜாவிடம் யானைப் பாகனாக இருந்தார். சாபு கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் தந்தையும் போய்ச் சேர்ந்தார். அந்தப் பிள்ளைக்கு மிஞ்சியது ஓர் அண்ணனும், அரண்மனை யானைக் கொட்டடியும்தான். அங்கேயே வளர்ந்தான். நீங்கள் சைக்கிள் பழகும் வயதில் அவன் யானை மேல் ஏறி உட்கார்ந்து சவாரி செய்தான்.

1935ல் ஒரு சினிமாக் குழு மைசூருக்கு வந்தது. அதன் தலைவர் ராபர்ட் பிளாகர்ட்டி என்ற அமெரிக்கர். பனிப் பிரதேசத்தில் வாழும் இன்யூட் மக்களைப் பற்றி 1922ல் 'நானூக்' படத்தை எடுத்துப் பெயர் பெற்றவர். யானைப் பாகனின் மகன் ஒருவனைப் பற்றி எழுத்தாளர் கிப்ளிங் எழுதிய கதையைப் படமாக்க வந்திருந்தார். வேஷம் போட்ட நடிகர் அவருக்கு வேண்டாம். யானையோடு நிஜமாகவே பழகிய பையன்தான் வேண்டும். பல சிறுவர்களைப் பார்த்தார்கள். குழுவின் ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் போரடைல் கண்ணில் பட்டான் சாபு. ஆங்கிலம் தெரியாது, நடிப்பு என்றால் என்ன என்று தெரியாது. ஆனால், யானை அவன் சொன்னபடி கேட்டது. அது போதாதா?

படத்தின் மீதிப் பகுதியை எடுக்க, சாபுவையும் அவன் அண்ணனையும் கப்பலேற்றி லண்டனுக்கு அழைத்துப் போனார்கள். காட்டையும் அரண்மனையையும் தவிர எதையும் பார்த்தறியாத பிள்ளை, பனிமூட்டமும் குளிரும் நிறைந்த ஊரில் போய் இறங்கினான். அங்கே பள்ளிக்கூடம் சென்றான்; ஆங்கிலத்தைக் கடகடவென்று கற்றுக் கொண்டான். 1937ல் 'எலிஃபென்ட் பாய்' வெளிவந்தது. ஒரே படத்தில் சாபுவின் முகம் உலகம் முழுவதும் தெரிந்த முகம் ஆகிவிட்டது!

அடுத்து 1938ல் 'தி டிரம்'. வடமேற்கு எல்லையில் ஆங்கிலேயருக்கு உதவும் ஓர் இளவரசன் வேடம். இங்கே ஒரு விஷயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தப் படம் ஆங்கில ஆட்சியை ஓஹோ என்று புகழ்ந்தது. நம் நாட்டில் அப்போது விடுதலைப் போராட்டம் நடந்து கொண்டிருந்த நேரம். பம்பாயிலும் நம் சென்னையிலும் மக்கள் கொதித்தெழுந்து படத்தை எதிர்த்தார்கள். படத்தில் வில்லனாக வந்த இந்திய இளவரசர் யார் தெரியுமா? முகத்தில் மை பூசிக்கொண்ட ரேமண்ட் மாசி என்ற கனடா நாட்டுக்காரர்! வெள்ளைக்கார நடிகர்கள் சாயம் பூசி இந்தியராக நடித்த காலம் அது. அவர்களுக்கு நடுவே நிஜ இந்தியன் சாபு. அந்தப் படத்தை எடுக்கச் சொன்னவன் அவனல்ல. சின்னப் பையன், சொன்னதை நடித்தான். என்னைக் கேட்டால், கோபப்பட்ட மக்கள் பக்கமும் நியாயம் இருந்தது, பையன் மீதும் குற்றமில்லை.

இனி பாக்தாத்துக்குப் போவோமா?

1920, 30களில் அமெரிக்காவில் மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான கதைப் புத்தகங்கள் சக்கைப்போடு போட்டன. 'பல்ப்' இதழ்கள் என்பார்கள். ஒரு பக்கம் வாள் வீரன், மறுபக்கம் மந்திரவாதி, நடுவில் பயங்கர மிருகங்கள்! ராபர்ட் ஹோவர்ட் என்ற எழுத்தாளரின் கோனான் கதைகள் 1932ல் இருந்து அப்படி ஓர் இதழில் வந்தன. அவற்றில் ஒன்றில், ஓர் இளம் திருடன் உயரமான கோபுரத்தில் ஏறி, ராட்சசச் சிலந்தியோடு போராடி, மாணிக்கத்தைத் தேடிப் போவான். படித்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால், அதையெல்லாம் திரையில் காட்டுவது எப்படி?

'பாக்தாத் திருடன்' காட்டியது! கோர்டா சகோதரர்கள் எடுத்த படம் இது. ஹங்கேரி நாட்டிலிருந்து வந்தவர்கள். அண்ணன் அலெக்சாண்டர் தயாரித்தார். தம்பி வின்சென்ட் அரங்கம் அமைத்தார். இந்தப் படத்தில் சாபுவுக்கு அபு என்ற வேடம். மந்திரவாதி ஜாஃபர் அவனை நாயாக மாற்றுகிறான். அவன் நண்பனான அரசன் அகமதுவின் கண்களைக் குருடாக்குகிறான். பிறகு அபு கடற்கரையில் ஒரு சீசாவைத் திறக்க, வானம் முட்டும் பூதம் புறப்பட்டு அவனையே கொல்ல வருகிறது. இவ்வளவு பெரிய நீ இந்தச் சின்னச் சீசாவுக்குள் எப்படி இருந்தாய் என்று கேட்டு, அதை மறுபடியும் உள்ளே போக வைக்கிறான் அபு. மூன்று வரம் தருவதாகச் சத்தியம் வாங்கிய பிறகே விடுகிறான். அப்புறம் முதல் வரமாக என்ன கேட்டான் தெரியுமா? சுடச்சுட வறுத்த இறைச்சி! பசித்த பிள்ளை வேறென்ன கேட்பான்?

பூதத்தின் தோளில் பறந்துபோய், மலை உச்சிக் கோவிலில், பிரம்மாண்டமான சிலைக்குள் ஏறுகிறான். அங்கும் வலை பின்னிக் காத்திருக்கிறது ஒரு ராட்சசச் சிலந்தி! அதை வென்று, சிலையின் நெற்றியில் பதித்த மாணிக்கக் கண்ணை எடுக்கிறான். கடைசியில் இயந்திரக் குதிரையில் வானத்தில் தப்பியோடும் ஜாஃபரை, கம்பளத்தில் பறந்து வந்த அபு அம்பெய்து வீழ்த்துகிறான்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலத்தில் இதெல்லாம் எப்படிச் சாத்தியம்? அதுதான் வேடிக்கை. அக்காலக் கலர் கேமராவில் மூன்று படச்சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடும். நிறங்கள் தனித்தனியே பதிவாகும். லாரி பட்லர் என்ற நிபுணர், நடிகர்களை நீலத் திரைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் பிடித்தார். பிறகு அந்த நீலத்தை மட்டும் பிரித்து நீக்கிவிட்டு, அங்கே வானத்தையோ கடற்கரையையோ பொருத்தினார். இன்று நீங்கள் பார்க்கும் படங்களில் பச்சைத் திரை வைக்கிறார்களே, அதற்கு இது தாத்தா!

லண்டன் அருகே படப்பிடிப்பு நடந்து கொண்டிருந்தபோது, 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. குண்டு விழும் ஊரில் பூதத்தை எப்படிப் பறக்க விடுவது? மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்கா போய், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் மீதியை எடுத்தார்கள். ஒளிப்பதிவு, கலை, தந்திரக் காட்சிகள் என்று மூன்று ஆஸ்கர் பரிசுகள் படத்துக்குக் கிடைத்தன. சாபு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டான். 1942ல் 'ஜங்கிள் புக்' படத்தில் மோக்லியாக வந்தான்.

அப்புறம் பல மாயாஜாலப் படங்கள். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே வேடம்: கதாநாயகனுக்கு உதவும் தோழன். கதாநாயகன் எப்போதும் வேறொருவர்.

1944ல் சாபு அமெரிக்கக் குடிமகன் ஆனார். (இருபது வயது ஆகிவிட்டது, இனி 'அவர்' என்றே சொல்வோம்!) பிரபலமான நடிகர் அல்லவா, பத்திரமாக ஒரு மேஜை வேலை பார்த்திருக்கலாம். அவரோ விமானப் படையில் சேர்ந்தார். பி-24 என்ற குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பசிபிக் கடல் மேல் பலமுறை பறந்தார். சினிமாக் கம்பளத்தில் பறந்தபோது கீழே விழுந்தால் மெத்தை இருந்திருக்கும். இங்கே கீழே கடல். எதிரே நிஜக் குண்டுகள். வீரத்துக்கான 'டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ்' பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

போர் முடிந்து வந்தபோது, சினிமா உலகம் அவரைக் கொஞ்சம் மறந்திருந்தது. 1947ல் 'பிளாக் நார்சிசஸ்' என்ற நல்ல படத்தில் நடித்தார். அதன்பின் சொல்லிக் கொள்ளும்படி வாய்ப்புகள் இல்லை. தோளில் குரங்கோடு ஓடும் சிறுவனைத்தான் அவர்கள் கேட்டார்கள். வளர்ந்த மனிதருக்கு என்ன வேடம் தருவது என்று யாருக்கும் தெரியவில்லை. 1950களின் தொடக்கத்தில் லண்டனில் சர்க்கஸில் தோன்றினார். அங்கும் யானைகளோடுதான்!

ஒரு வாய்ப்பு கைக்கெட்டி வாய்க்கு எட்டாமல் போனது. புகழ்பெற்ற இயக்குநர் மெகபூப் கான், 'மதர் இந்தியா' படத்தில் பிர்ஜு என்ற முரட்டு மகன் வேடத்துக்குச் சாபுவை எண்ணியிருந்தார். ஆனால், சாபு இப்போது வெளிநாட்டுக் குடிமகன். இங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. அந்த வேடத்தில் சுனில் தத் நடித்தார். 1957ல் வெளிவந்து மகத்தான வெற்றி பெற்றது படம். மைசூர் மண்ணில் பிறந்த சாபு, இந்தியாவில் தயாரான ஓர் இந்தியப் படத்தில் நட்சத்திரமாக ஜொலிக்கும் வாய்ப்பு இப்படிப் போயிற்று.

1963ம் ஆண்டு டிசம்பர் 2ல், கலிபோர்னியாவில் தம் வீட்டில் மாரடைப்பால் சாபு காலமானார். வயது 39தான். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். சர்க்கஸிலிருந்து தப்பிய புலி ஒன்றைப் பற்றிய வால்ட் டிஸ்னி படத்தில் அதற்குச் சற்று முன்புதான் நடித்து முடித்திருந்தார். 1964ல் அது திரைக்கு வந்தபோது, விலங்கைப் புரிந்துகொண்ட இந்தியராக அதில் ஒருவர் வந்தார், அவர் சாபு.