யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி

யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி (டிசம்பர் 20, 1890 – மார்ச் 27, 1967) செக் நாட்டு வேதியியலாளர் ஆவார். நீரில் கரைந்துள்ள காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களைச் சிறு அளவிலும் இனங்கண்டு அளக்க உதவும் போலரோகிராபி என்னும் மின்வேதியியல் முறையைக் கண்டுபிடித்தவர். இதற்காக 1959 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

வாழ்க்கை

அன்றைய ஆஸ்திரியா-அங்கேரியில் இருந்த பிராக் நகரில் பிறந்தார். தந்தையார் உரோமானியச் சட்டப் பேராசிரியர். பிராகிலும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்றார். முதல் உலகப்போரின்போது படை மருத்துவமனையில் பணியாற்றினார். 1918 இல் முனைவர் பட்டத் தேர்வின்போது, துளித்துளியாக விழும் பாதரசத்தின் பரப்பு இழுவிசையில் காணப்பட்ட முரண்பாடுகள் பற்றி இயற்பியலாளர் பொகுமில் குச்சேரா இவரிடம் எடுத்துரைத்தார். துளிகளை நிறுத்துப் பார்க்கும் சலிப்பான வேலையில் சில ஆண்டுகள் கழிந்தன. 1922 பெப்ரவரியில் நிறுப்பதை விடுத்து, துளிவழியே பாயும் மின்னோட்டத்தை அளந்தார். போலரோகிராபி அங்கிருந்தே தொடங்கியது. 1924 இல் சப்பானியரான மசுசோ சிக்காத்தாவுடன் இணைந்து, வரைபடத்தைத் தானே பதியும் கருவியை உருவாக்கினார்.

முறை

நுண்ணிய கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசம் கரைசலுக்குள் சொட்டுகிறது. ஒவ்வொரு துளியும் புதிய, தூய மின்முனையாகும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால், ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய அழுத்தத்தில் ஒடுக்கமடைந்து, மின்னோட்டத்தில் ஒரு படியை உண்டாக்கும். படியின் இடம் உலோகத்தையும், உயரம் அதன் அளவையும் காட்டும். தாமிரபரணி நீரைச் சோதிப்பதாகக் கொள்வோம். உப்புச் சேர்த்து, கரைந்துள்ள ஆக்சிசனை நைதரசன் செலுத்தி நீக்கிய பின், பொதுவாக முதலில் தோன்றுவது ஆற்றின் பெயரிலேயே உள்ள தாமிரம். அடுத்து காரீயம், காட்மியம், துத்தநாகம்.

குறைகளும் வளர்ச்சியும்

குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது இந்தியத் தரம். ஹெய்ரோவ்ஸ்கியின் தொடக்கக் கருவிக்கு இவ்வளவு சிறிய அளவு எட்டாது. ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவிலேயே அது தடுமாறும். 1950களில் போலந்தின் விக்டர் கெமுலா முதலியோர், தொங்கும் பாதரசத் துளியில் உலோகத்தைச் சில நிமிடங்கள் திரட்டிப் பின் கழற்றி அளக்கும் முறையை வளர்த்தனர். மைக்ரோகிராம் அளவுகள் இவ்வாறே கைக்கு எட்டின.

நீரில் நஞ்சைத் தேடும் இக்கருவிக்குப் பாதரசம் என்னும் நஞ்சே தேவைப்பட்டது. 2000 ஆம் ஆண்டு முதல் பிசுமத் படல மின்முனைகள் அதற்கு மாற்றாக ஆராயப்பட்டு வருகின்றன.

1950 இல் ஹெய்ரோவ்ஸ்கி நிறுவிய போலரோகிராபி ஆய்வகத்தின் வழிவந்த பிராக் இயல் வேதியியல் நிறுவனம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.