சாங்கோபாங்க சுவாமியார் விட்டுச் சென்ற தியானம்



மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அண்மையில் உள்ள வஹாகோட்டைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அந்தோனியார் பாதத்தில் மெழுகுதிரி கொளுத்தி, நேர்த்தி செலுத்தி, பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். காட்டுக்கு நடுவே கிடந்த இந்த ஊர், பங்குக்குரு என்று ஒருவர் இல்லாமலே தன் விசுவாசத்தை எப்படிக் காத்தது என்று அங்கே நின்று ஒருமுறையாவது யோசித்தீர்களா?

பதினேழாம் நூற்றாண்டில் கண்டி அரசன் குடியேற்றிய போர்த்துக்கேயப் போர்வீரரின் வழிவந்தவர்கள் அவ்வூரார். பேச்சும் உடையும் பழக்கவழக்கமும் சிங்களமாகிவிட்டன. சுற்றிலும் பௌத்த ஊர்கள். குருவானவர் எப்போதாவது கால்நடையாக வந்து, பூசை கொடுத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார். அவர் திரும்பி வரும்வரை அந்த மக்கள் எதைக்கொண்டு வாழ்ந்தார்கள்? இதைச் சொல்லவேண்டுமானால், நம் முன்னோர் சாங்கோபாங்கர் என்று அழைத்த ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லவேண்டும்.

யாக்கோமே கொன்சால்வேஸ் என்பது அவருடைய பெயர். 1676ஆம் ஆண்டு கோவாவின் திவார் தீவிலே, கொங்கணி பேசும் பிராமணக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலத்தீனும் தத்துவ சாஸ்திரமும் நன்றாகக் கற்றவர். கோவாவிலேயே இருந்திருந்தால் கல்லூரி ஆசிரியராகக் கௌரவமாக வாழ்ந்து முடித்திருக்கலாம். அவரோ பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய ஓரட்டோரியன் சபையிற் சேர்ந்தார். தினமும் தியானத்தில் அமர்வதும், மறைநூலைச் சாதாரண மக்களுக்கு எளிய பேச்சில் எடுத்துச் சொல்வதும் அந்தச் சபையின் உயிர்நாடி. அவருடைய பிற்கால வேலை முழுவதற்கும் விதை இங்கேதான் விழுந்தது.

அந்நாளைய இலங்கையை மனதிற் கொண்டு பாருங்கள். 1658 முதல் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தவனுக்கு மரண தண்டனை என்று சட்டம். கோவில்கள் பறிபோயின, மக்கள் ஆயனில்லாத மந்தையாயினர். இந்த நிலையில்தான் 1687இல், கூலியாளின் வேடத்தில், யோசேவாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையும் கண்டார். 2015ஆம் ஆண்டு கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவரே. அவரது கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகையால் அதிகம் சொல்லவில்லை. அவருக்குத் துணையாக 1705இல் மன்னார்ப் பக்கத்தில் வந்திறங்கினார், இருபத்தொன்பது வயதான யாக்கோமே சுவாமியார்.

முதலில் தமிழ்ப் பகுதிகளிலே உழைத்தார். பிறகு யோசேவாஸ் அடிகளாரின் விருப்பப்படி கண்டிக்குச் சென்று சிங்களத்தில் மூழ்கினார். சந்தைப் பேச்சோடு நின்றுவிடவில்லை. பண்டிதர் படிக்கும் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். தமிழிலும் அப்படியே. அங்கம் உபாங்கம் ஒன்றும் குறையாமல் கற்றவர் என்ற கருத்தில்தான் சாங்கோபாங்கர் என்ற பெயர் வந்தது. பிறர் மொழியை இப்படி மதித்துக் கற்ற ஒருவருக்கு நம்மவர் கொடுத்த பட்டம் அது. எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் அது குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

யோசேவாஸ் அடிகளார் 1711 தை மாதம் 16ஆம் நாள் கண்டியில் இறந்தார். நாடு முழுவதற்கும் குருக்கள் ஒரு கைப்பிடிப் பேர். எவ்வளவு நடந்தாலும் ஓர் ஊருக்கு வருடத்தில் ஒருமுறை வருவதே பெரிது. மீதி நாட்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்பவர்கள் அண்ணாவிமாரும் மூப்பர்மாரும்தான். சாங்கோபாங்க சுவாமியார் கண்ட வழி இதுவே: தான் போகமுடியாத ஊருக்குத் தன் ஓலைச் சுவடி போகட்டும். எழுத்தாணி பிடிப்போரை வைத்து ஏடு ஏடாகப் பிரதி எடுப்பித்து ஊர் ஊராக அனுப்பினார். சிங்களத்திலும் தமிழிலுமாக ஏறக்குறைய 40 நூல்கள் அவர் பெயரில் உள்ளன. இவற்றோடு அகராதி வேலையும் செய்தார்.

படைப்பு முதலாக மறைநூற் சரித்திரத்தைத் தமிழிற் சொல்லும் தேவ அருள் வேத புராணமும், சுவிசேஷங்களை விளக்கும் சுவிசேஷ விரித்துரையும் அவர் தந்தவை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்ட காலமும் ஏறத்தாழ இதுவே. அச்சுக்கூடமும் அரசின் தயவும் இல்லாத நம்மவர் ஓலையைக் கொண்டே அந்தப் பசியைத் தீர்த்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அவருடைய நூல்களில் மக்கள் நெஞ்சிற் குடியேறியது வியாகுல பிரசங்கமே. தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதை இராகத்தோடு வாசிக்கும்போது கேட்ட காதுகள் அதை மறப்பதில்லை. சிங்களத்திலும் இதே பொருளில் துக்பிராப்தி பிரசங்கத்தை எழுதினார். அங்கே அது பசான் என்று பாடப்படுகிறது. மாத்தளை நகரில் வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பமும், வஹாகோட்டையிலுள்ள ஒரு சிங்களக் குடும்பமும், ஒருவர் மொழி ஒருவருக்கு விளங்காவிட்டாலும் ஒரே குருவின் கண்ணீரைத்தான் தவக்காலத்தில் சுமக்கின்றன. இதை நாம் நினைப்பதே இல்லை.

அந்நூல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பாடுகளின் சரித்திரத்தை முழுவதும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதில்லை. சுவிசேஷத்தில் நாலைந்து வரியிலே கடந்துபோகும் ஒரு காட்சியை எடுத்து, கேட்பவனை அதற்குள்ளே கொண்டுபோய் நிறுத்துகிறது. இரவு, ஒலிவ மரங்கள், கல்லெறி தூரத்தில் ஆண்டவர் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார், சீடர்கள் நித்திரை. இதில் நீ எங்கே நிற்கிறாய் என்று ஆத்துமத்தைத் தட்டிக் கேட்கிறது. உடனே பதில் எதிர்பார்ப்பதில்லை. புலம்பவும், மௌனமாக இருக்கவும் நேரம் விடுகிறது. பிறகு தேவதாயின் பக்கம் திரும்பி, ஒரு தாயின் வயிற்றெரிச்சலோடு அதே காட்சியை மறுபடி பார்க்கச் செய்கிறது. எழுத்தறியாத ஒரு தாய் இதைப் பத்துத் தவக்காலம் கேட்டால், பாடுகளின் வரலாறு அவளுக்கு மனப்பாடம். பிள்ளை சாகக் கிடக்கும்போதோ, புருஷன் பிடிபட்டுப் போனபோதோ, அவள் நினைவில் எழுவது அந்தக் காட்சிதான். அழுகையை அடக்கு என்று அது சொல்வதில்லை; அழுதபடியே ஆண்டவர் பக்கத்தில் இருக்கச் சொல்கிறது. குரு இல்லாத வீட்டில் ஆறுதல் வந்த வழி இது.

வடசொல் மிகுந்த அந்த நடை இன்றைய பிள்ளைகளுக்குச் சிரமந்தான். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தாலன்றிப் புரியாது. இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். பிற சமயங்களை எதிர்த்து அவர் எழுதிய தர்க்க நூல்களும் உண்டு. அந்தக் காலத்து வாதச் சூடு அவற்றில் இருக்கிறது. அயலவரோடு கூடி வாழும் நாம் இன்று அவற்றைக் கையில் எடுக்கவேண்டியதில்லை என்பதே என் எண்ணம். தர்க்கம் அந்தக் காலத்தோடு போயிற்று, தியானமோ நிலைத்துவிட்டது.

கண்டி அரசன் வீர நரேந்திரசிங்கன், 1707 முதல் 1739 வரை ஆண்டவன், சுவாமியாரிடத்தில் மிகுந்த மதிப்பு வைத்திருந்தான். பௌத்த அரசன் ஒருவனுடைய நிழலிலேதான் நம் வேதம் அந்நாளில் உயிர்தப்பியது என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும். முதுமையில் சுவாமியார் போலவத்தையிலே தங்கி, எழுத்தும் செபமுமாக இருந்தார். 1742 யூலை 17இல் அங்கேயே உயிர் நீத்தார். முப்பத்தேழு ஆண்டுகள் இந்த நாட்டிலே உழைத்தவர், பிறந்த கோவாவின் மண்ணில் அல்ல, இந்த மண்ணிலேயே அடக்கமானார்.

அவர் கண் மூடிச் சில ஆண்டுகளுக்குள், சிறீ விஜய இராஜசிங்கன் காலத்தில், காற்று மாறியது. 1740களில் குருக்கள் கண்டி இராச்சியத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள். கரையோரத்திலோ ஒல்லாந்தர். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் 1806இல் ஆங்கிலேயர் காலத்திலேதான் நீங்கின. கண்டி இராச்சியம் அவர்கள் கைக்கு வந்தது 1815இல். இடையில் இரண்டு மூன்று தலைமுறை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவரும், கேட்க ஒரு கூட்டமும், ஓலையும் இருந்த ஊர்களில் வேதமும் இருந்தது. குருவில்லாமற் காத்துக் கிடந்த ஊர்களில் வஹாகோட்டையும் ஒன்று. அங்கே இன்றும் கத்தோலிக்கர் இருக்கிறார்கள்.

வாசகர்களே, தோட்டத்து லயத்தில் வாழும் உங்களிற் பலருக்கு, கோவிலுக்குப் போக மலை இறங்கி ஏறவேண்டும். மாதம் ஒரு பூசை கிடைத்தால் அதிர்ஷ்டம். வேலை முடிந்து வந்தால் உடம்பு வலி, கடைக்கடன், பிள்ளையின் படிப்பு என்று மனம் ஓடிக்கொண்டிருக்கும். இரவுச் செபமாலைக்குப் பின் கால்மணி நேரம் விளக்கைத் தணித்து, சுவிசேஷத்தில் ஒரேயொரு காட்சியை வீட்டில் ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். அவசரமாக அடுத்த அதிகாரத்துக்குப் போகவேண்டாம். அந்த இடத்திலே யார் யார் நிற்கிறார்கள், யார் முகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் நித்திரைதான் வரும். கெத்செமனியில் சீடருக்கும் அதுவே வந்தது.

என் பாட்டியார் வாசிக்கத் தெரியாதவர். பெரிய வெள்ளிக்கு முந்திய இரவுகளில் ஏட்டை மடியில் வைத்திருப்பவர் ஒரு வரியைத் தவறவிட்டால், இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல்தான் அந்த வரியை எடுத்துக் கொடுக்கும். வாசிப்பவர் கொஞ்சம் நின்று, அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார்.