தார் தந்த உண்மை: பேராசிரியர் யாமகிவா

யப்பான் என்றதும், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் நம் துறைமுகத்தில் விழுந்த குண்டுகளைப் பற்றி மூத்தோர் கூறுவதே நம் நினைவிற்கு வரும். அந்நாடு உலகிற்கு அளித்த வேறொன்றும் உண்டு. தோணிகளுக்குத் தார் பூசக் கண்டு வளர்ந்த நம் மாணவர், அத்தாரைக் கொண்டே புற்றுநோயின் மர்மமொன்றைத் துலக்கிய கற்சுசபுரோ யாமகிவா என்னும் பேரறிஞரை அறிந்திருத்தல் வேண்டுமென விழைகின்றோம்.

அன்னார் 1863இல் உவேடா என்னும் ஊரில், வறுமையுற்ற சாமுராய்க் குடும்பமொன்றிற் பிறந்தார். டோக்கியோ மருத்துவர் ஒருவரால் மகவேற்கப்பெற்று, அவர்தம் குடிப்பெயரையே பூண்டார். 1888இல் மருத்துவப் பட்டம் பெற்று, ஜேர்மனி சென்று விர்ஷோவிடம் பயின்று, 1895இல் தாம் கற்ற பல்கலைக்கழகத்திலேயே நோயியற் பேராசிரியரானார். காசநோய் அவரை நெடுங்காலம் வாட்டியது.

யப்பானியரிடையே இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. அதனைக் குறித்தே 1905இல் அவர் நூலொன்று வெளியிட்டார். இடையறா உறுத்தலே நோய்க்கு மூலமென்பது அவர் துணிபு. புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரைப் புகைக்கரி வாயிலாக இந்நோய் பற்றுவதை ஆங்கில மருத்துவர் பொட் 1775இலேயே கண்டிருந்தார். எனினும், விலங்கிடத்து அதனை உண்டாக்கிக் காட்டினார் எவருமிலர். முயன்றோர் பயன் காணாது கைவிட்டனர்.

யாமகிவா கைவிடவில்லை. அவரும் இச்சிகாவா என்னும் இளைஞரும் முயல்களின் காதின் உட்புறத்தே இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை நிலக்கரித்தார் பூசினர். மாதங்கள் பல கழிந்தன. (வாய் பேசா அவ்வுயிர்கள் பட்ட பாட்டை நினையாது இதனைக் கடத்தல் எமக்கு இயலவில்லை.) முதலில் மருக்கள் எழுந்தன; பின்னர் மெய்யான புற்றே தோன்றிற்று. அது 1915ஆம் ஆண்டு. ஹைக்கூப் பாடல் புனைவதில் வல்லவரான பேராசிரியர், அம்மகிழ்ச்சியையும் பாட்டிலே வடித்தாராம்.

எனினும், 1926ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு டென்மார்க் அறிஞர் ஃபிபிகருக்கே சென்றது. எலிகளின் இரைப்பையிற் புழுக்களாற் புற்று விளைவதாக அவர் கண்டிருந்தார். யாமகிவாவின் பெயரும் முன்மொழியப்பட்டிருந்தது, பலிக்கவில்லை. ஃபிபிகர் கண்டது உண்மைப் புற்றன்று, விற்றமின் ஏ குறைவோடு தொடர்புற்ற தடிப்பே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அவர் நேர்மையில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் பரிசு இடம் மாறிச் சென்றதென்றே கருதுகின்றோம்.

யாமகிவா 1930இல் மறைந்தார். மூன்றாண்டுகளில், தாரிலுள்ள நச்சுப் பொருளாகிய பென்சோபைரீனை இலண்டன் ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். அவர் முதலில் ஆராயப் புகுந்த இரைப்பைக்கோ மேலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1967இலேதான் சுகிமுரா என்னும் யப்பானியரும் அவர்தம் துணைவரும், எம்.என்.என்.ஜி. எனப்படும் நைத்திரசோச் சேர்வையைக் குடிநீரிற் கலந்து ஊட்டி, எலிகளின் இரைப்பையில் மெய்யான புற்றை உண்டாக்கினர்.