சுவாதித் திருநாளும் வானாய்வுக்கூடமும்

நாஞ்சில் நாடு 1956ஆம் ஆண்டில் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் நெடுங்காலம் அது திருவிதாங்கூர் மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அம்மன்னர்களுள் இசைப் புலவராக நாம் நன்கு அறிந்தவர் சுவாதித் திருநாள். அவர் உள்ளம் விண்ணையும் காந்த ஊசியையும் நாடிய செய்தி அத்துணைப் பரவவில்லை.

இவர் 1813ஆம் ஆண்டு பிறந்தார். கருவில் இருந்தபோதே அரசுரிமை இவருக்கென்று குறிக்கப்பட்டது. அன்னையும், அவருக்குப்பின் சிற்றன்னையும் இவர் பொருட்டு நாடு காத்தனர். தஞ்சையிலிருந்து வந்த சுப்பாராவ் ஆங்கிலமும் பிற கலைகளும் பயிற்றினார். கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் ஒருமுறை சிறுவரசரைக் காண வந்தார். அப்போது அவர், செங்கோண முக்கோணத்தைப் பற்றிய தேற்றத்தைக் கற்பலகையில் வரைந்து விளக்கினாராம்! வெல்ஷ் வியந்து அதனைத் தம் நூலில் எழுதிவைத்தார்.

1829இல் சுவாதித் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் ஆலப்புழையில் அரசின் வாணிகப் பொறுப்பாளராய் இருந்த கால்டிகாட் என்பவர், தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு வானை ஆராய்ந்து வந்தார். மன்னர் அவரையே தலைவராக்கி, 1837இல் திருவனந்தபுரத்துக் குன்றொன்றின்மேல் வானாய்வுக்கூடம் அமைத்தார்.

அந்நாளில் மேனாட்டு அறிஞர்களை ஒரு புதிர் வருத்திக்கொண்டிருந்தது. காந்த ஊசி என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. நாள்தோறும் சிறிது அசைகிறது. சிலபோது திடீரெனக் கலங்குகிறது. அக்கலக்கம் ஓர் ஊருக்கு மட்டும் உரியதா, உலகம் முழுவதற்கும் பொதுவா? ஓரிடத்தில் இருந்துகொண்டு இதனை எவராலும் அறிய இயலாது. எனவே ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துப் பேரறிஞர் காஸ், பல நாட்டு நிலையங்களும் ஒரே கணத்தில் ஊசியை நோக்கிக் குறிக்கும் முறையை வகுத்தார். எல்லா நிலையங்களுக்கும் கோட்டிங்கன் நேரமே பொது நேரம். அங்கே நண்பகல் என்றால், திருவனந்தபுரத்தில் மாலை நான்கரை மணி. கனடாவிலும் நன்னம்பிக்கை முனையிலும் டாஸ்மேனியாவிலும் பிரிட்டிஷ் அரசு நிலையங்கள் எழுப்பியது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பியது.

திருவிதாங்கூரோ தன் பொருளிலேயே இப்பணியில் சேர்ந்தது. நாஞ்சில் வயல்களின் வரியும் அக்கருவூலத்தில் கலந்ததுதானே! நிலவுலகின் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் இருந்தமையால், திருவனந்தபுரத்தின் கணக்கு அறிஞர்க்கு அரியதாயிற்று. கால்டிகாட் ஐரோப்பா சென்று உயர்ந்த கருவிகளை வாங்கி 1841இல் திரும்பினார். காந்த ஆராய்ச்சி தொடங்கியது.

மன்னருக்கோ அமைதி வாய்க்கவில்லை. ரெசிடெண்டு கல்லன் ஆட்சியில் ஓயாது தலையிட்டார். மனம் நொந்த சுவாதித் திருநாள் 1846இல் தம் முப்பத்து மூன்றாம் அகவையில் மறைந்தார்.

கால்டிகாட்டும் 1849இல் இறந்தார். ஆயினும் கூடம் மூடப்படவில்லை. அடுத்த மன்னரின் காலத்தில், 1852இல் ஸ்காட்லாந்து நாட்டுப் பிரௌன் என்பவர் பொறுப்பேற்றார். 1855இல் ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அகத்தியமலை உச்சியிலும் அவர் ஒரு நிலையம் அமைத்தார். குளிரும் காட்டு விலங்கும் நிறைந்த அவ்விடத்தில் உள்ளூர் உதவியாளர்கள் தங்கி ஊசியின் அசைவைக் குறித்தனர். அக்குறிப்புகளைத் தொலைநாட்டு நிலையங்களின் ஏடுகளோடு பிரௌன் ஒப்பிட்டார். காந்த விசையின் நாள் சராசரி ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு ஏறி இறங்குவது உலகெங்கும் ஒருங்கே நிகழ்வது என்று தெளிந்தார். அக்கூடம் திருவனந்தபுரத்துக் குன்றின்மேல் இன்றும் நிற்கிறது.