ஹிதேயோஷியின் கடைசி இளவேனில்

பெருவீரர்தம் வரலாற்றை எழுதுவோர் அவர் வென்ற களங்களை எண்ணி எழுதுவரேயன்றி, அவர் பூப்பார்க்கச் சென்ற நாளைக் குறித்து வைப்பது அரிது. யப்பான் நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த தொயோத்தோமி ஹிதேயோஷியின் வரலாற்றிலோ, ஒரு பூக்காண் விழா அவன் போர்களோடு ஒப்ப வைத்துப் பேசப்படுகின்றது. அவன் உள்ளத்தின் இரு பக்கங்களையும் அவ்வொரு விழாவைக் கொண்டே அறியலாம் என்பது என் துணிபு.

1537 ஆம் ஆண்டில் ஓவாரி நாட்டு நக்கமூரா என்னும் சிற்றூரில் எளிய குடியிற் பிறந்தவன் அவன். ஓதா நொபுநாகா என்னும் பெருந்தலைவனிடம் கடைநிலை ஏவலனாய்ச் சேர்ந்து, கூரிய மதியாலும் அயரா உழைப்பாலும் படைத்தலைவனாய் உயர்ந்தான். 1582 இல் நொபுநாகா தன் படைத்தலைவருள் ஒருவனாலேயே வஞ்சிக்கப்பட்டு மாண்டான். இரு வாரங்களுக்குள் அவ்வஞ்சகனை முறியடித்து, தலைவனின் இடத்தை ஹிதேயோஷி தனதாக்கினான். 1585 இல் பேரரசரின் பெயரால் நாட்டை நடத்தும் பெரும்பதவி எய்தினான். 1590 இல் நாடு முழுவதும் அவனுக்கு அடங்கிற்று.

சக்குரா என்னும் மரம் இளவேனிலிற் பூப்பது. பூ விரிந்தபின் சில நாட்களே நிற்கும்; காற்றும் மழையும் வந்தால் அதுவும் இல்லை. ஆதலின் அதனைக் காணச் செல்வோர் நாளறிந்து செல்லல் வேண்டும். 1594 இல் ஹிதேயோஷி ஏறத்தாழ ஐயாயிரவரைக் கூட்டிக்கொண்டு யோஷினோ மலைக்குச் சென்றான். மூன்று நாள் விடாது மழை பெய்தது என்பர். நாட்டை அடக்கியவனுக்கு முகில் அடங்கவில்லை.

நான்காண்டு கழிந்து, 1598 இல், தலைநகராகிய கியோத்தோவிலேயே மற்றொரு விழா எடுக்கக் கருதினான். அதற்கு அவன் தேர்ந்த இடம் நகரின் தென்கிழக்கே மலையடியில் உள்ள தைகோஜி என்னும் பௌத்தப் பள்ளி. 874 இல் தோன்றிய அப்பள்ளி, பதினைந்தாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரிற் பெரிதும் அழிந்து, 951 இல் எழுந்த ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்றையே பழைமைக்குச் சான்றாகக் கொண்டு நின்றது. அதன் தலைமைத் துறவி கியென் எழுதி வைத்த நாட்குறிப்பினால் விழா ஏற்பாடுகள் பலவற்றை நாம் அறிகின்றோம்.

ஹிதேயோஷி ஏவலரிடம் பணியை ஒப்புவித்துவிட்டு வாளா இருந்தானல்லன். தானே பன்முறை நேரிற் சென்று இடம் பார்த்தான். யமாசிரோ, யமாத்தோ, கவாச்சி, ஓமி என்னும் நாடுகளிலிருந்து எழுநூறு சக்குரா மரங்களை வேரோடு கொணர்வித்து, பள்ளி வாயிலிலிருந்து மலைச்சரிவு வரை இருமருங்கும் நடுவித்தான். வழிநெடுகத் தேநீர்க் குடில்கள் எழுந்தன. பள்ளியின் ஒரு பகுதியாகிய சம்போயினின் சோலையைப் புதுக்குதற்கு அவனே திட்டம் வகுத்து, தன் பழைய மாளிகையிற் கிடந்த புகழ்பெற்ற கல்லொன்றையும் அங்கே கொணர ஏற்பாடு செய்தான்.

ஏப்பிரில் 20 ஆம் நாள் விழா நிகழ்ந்தது. நம் கணக்கிற் சித்திரை மாதம். ஏறத்தாழ 1,300 பேர் வந்தனர். அவருள் மிகப் பெரும்பாலார் பெண்டிர். ஒவ்வொருவரும் அன்று இருமுறை உடை மாற்றினர் என்பர். பூவைப் பற்றி அவர்கள் பாட்டெழுதிய காகித நறுக்குகள் இன்றும் அப்பள்ளியிற் போற்றப்படுகின்றன. அறுபதைக் கடந்து மெலிந்திருந்த ஹிதேயோஷி, 1593 இற் பிறந்த தன் மகன் ஹிதேயோரியுடன் பூநிழலில் நடந்தான்.

இதுவரை கேட்டோர் அவனைப் பூவுள்ளம் படைத்தவன் எனக் கொள்ளுதல் இயல்பே. ஆயின் அக்குழந்தைக்கு அரசுரிமை தடையின்றிச் சேரவேண்டும் என்றே, முன்னர்த் தனக்கு வாரிசாக்கிய மருகன் ஹிதேத்சுகுவை 1595 இல் தற்கொலை செய்துகொள்ளப் பணித்தவனும் அவனே. மருகனின் மனைவியரும் மக்களும் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் அதே நகரின் ஆற்றங்கரையில் வெட்டுண்டனர். 1592 இலும் 1597 இலும் அவன் ஏவிய படைகள் கொரியாவைப் பாழாக்கின. கொன்ற கணக்கைக் காட்டுதற்கு அங்குள்ளோரின் மூக்குகளை அறுத்து உப்பிலிட்டு அனுப்பினர். பல்லாயிரக்கணக்கான அவை 1597 இற் கியோத்தோவிற் புதைக்கப்பட்டு ஒரு மேடாயின. ஓராண்டும் நிறையுமுன், அதே நகரிற் பூக்காண் விழா.

மரத்தை வேரறாமற் பெயர்த்து நடும் பரிவை அறிந்தவன், மனிதரை வேரறுக்கக் கூசவில்லை. அழகை நுகரும் உள்ளம் அருளும் உடையதாகவே இருக்கும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம்; மாணாக்கருக்கும் அவ்வாறே கற்பிக்கின்றோம். ஹிதேயோஷியின் வாழ்வு அதனை மறுக்கின்றது. சுவையுணர்வு வேறு, அறவுணர்வு வேறு. முன்னது தானே பின்னதைப் பயவாது.

அவ்வாண்டு செப்டெம்பர் 18 ஆம் நாள் அவன் புசிமிக் கோட்டையில் இறந்தான். படைகள் கொரியாவை விட்டு மீண்டன. 1615 இல் ஒசாக்காக் கோட்டை வீழ்ந்தபோது, பூநிழலில் நடந்த அம்மகனும் மாண்டான். குலம் அற்றது, சோலையோ கியென் துறவியின் கையில் வளர்ந்து நிறைவெய்திற்று.

இன்றும் ஏப்பிரில் மாதத்தில் அப்பள்ளியில் ஹிதேயோஷியின் பூக்காண் ஊர்வலத்தை நடித்துக் காட்டுகின்றனர். காண்பதற்கு உலகின் பல திசையிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். அந்நகருக்கு இளவேனிற் பயணம் வகுப்போர் புல் மூடிய அந்த மேட்டுக்கும் ஒரு நாழிகை ஒதுக்குவாராக. இரண்டையும் கண்டவரே ஹிதேயோஷியைக் கண்டவராவர்.